ஒளியுணர் செல்களைக் காக்கும் அறிவியல் யாருக்காக?

(நிக்கோபார் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கட்சாலில், ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் கட்சி உறுப்பினர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



கட்சால் என்னும் இச்சிறு தீவின் பெயர் செய்தியேடுகளில் இருமுறை பெரிதாக இடம்பெற்றது. முதல்முறை 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று. கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு 12 மணியாகும்போது இந்திய நேரம் காலை 5.30. அந்தக் கணத்தில் சூரியன் உதிக்கும் இடம் கட்சால். ஆகவே புத்தாயிரத்தின் முதற்கதிர் விழும் தீவு என்று விளம்பரம் செய்யப்பட்டது. இரண்டாம் முறை 2004 டிசம்பர் 26. அன்று ஆழிப்பேரலை இத்தீவின் கரையோரக் கிராமங்களை வாரிச் சென்றது. 2001 கணக்கெடுப்பில் 5,312 ஆக இருந்த மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பில் 2,685 ஆகச் சுருங்கியது. இவ்விரு எண்களுக்கும் இடையே இருக்கும் துயரத்தை இங்கு அமர்ந்திருப்போருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

உதயத்தைக் காண வந்தவர்கள் திரும்பிச் சென்றனர். அழிவைப் பார்வையிட வந்தவர்களும் திரும்பிச் சென்றனர். இங்கேயே தங்கி வாழும் மக்களுக்கு ஒளியைப் பற்றி வேறொரு கேள்வி உண்டு. கண்ணுக்குள் ஒளியை உணரும் செல்கள் ஒவ்வொன்றாய் மடியும் நோய் ஒரு குடும்பத்தில் தோன்றினால், அக்குடும்பம் யாரிடம் செல்லும்? உலகின் ஆய்வுக்கூடங்களில் அந்தச் செல்களைக் காப்பதற்குப் பெருமுயற்சி நடக்கிறது. அந்த முயற்சியின் பயன் மில்டேராவுக்கும் கபாங்காவுக்கும் மீனாட்சி ராம் நகருக்கும் வந்து சேருமா? இன்றைய உரையின் பொருள் இதுவே.

பால்வெட்டும் இருளும்

1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். இலங்கையின் மலையகத்தில் நான்கைந்து தலைமுறைகளாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்றும் எழுதப்பட்டது. அந்த மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. அவ்வாறு அனுப்பப்பட்டோரில் ஒரு சிறு பகுதியினர் ரப்பர்த் தோட்டத்திற்கென இத்தீவில் குடியமர்த்தப்பட்டனர். பின்னர் இங்குள்ள தோட்டம் 1977-இல் தொடங்கப்பட்ட அந்தமான் நிக்கோபார் வன மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் இருந்தது. அக்கழகத்தை மூடிவிட 2017 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அழைத்து வந்ததும் அரசு, கைவிட்டதும் அரசு.

ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது விடியலுக்கு முந்திய குளிர்ந்த வேளையில். வெயில் ஏற ஏற மரத்தினுள் அழுத்தம் குறைந்து பால் சுருங்கும். எனவே பால்வெட்டும் தொழிலாளி இருட்டிலேயே எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, வேரும் கல்லும் வழுக்கலும் நிறைந்த சரிவில் மரத்துக்கு மரம் நடக்க வேண்டும். பட்டையில் வெட்டு ஆழமாகிவிட்டால் மரம் கெடும், மேலாக நின்றுவிட்டால் பால் வராது. இத்தொழிலில் இருப்பவருக்கு இருளில் பார்வை மங்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். பகலில் அவர் செய்தித்தாள் படிப்பார், ஊசியில் நூல் கோப்பார். அந்தி சாய்ந்ததும் வாசற்படியில் இடறுவார். மேற்பார்வையாளர் அவரைச் சோம்பேறி என்பார். அக்கம்பக்கத்தார் நடிப்பு என்பார்கள். நாளடைவில் அவரே தமது அச்சத்தை மறைக்கக் கற்றுக்கொள்வார். விழித்திரைச் சிதைவு நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் இவ்வாறுதான் வெளிப்படுகிறது. மருத்துவர் கண்டுகொள்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த மனிதரின் உழைப்பும் மதிப்பும் காயப்பட்டுவிடுகின்றன.

விழித்திரை இயங்கும் முறை

கண்ணின் பின்சுவரில் படர்ந்துள்ள மெல்லிய திசுவே விழித்திரை. அதில் ஒளியை உணரும் செல்கள் இருவகை. குச்சி செல்கள் ஒரு கண்ணில் ஏறத்தாழ 12 கோடி உள்ளன. இவை மங்கிய ஒளியில் வேலை செய்பவை. கூம்பு செல்கள் ஏறத்தாழ 60 இலட்சம். பகல் வெளிச்சத்தில் நிறத்தையும் நுட்பமான வடிவத்தையும் காண்பதும், எழுத்தைப் படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும் இவற்றின் வேலை.

இச்செல்களின் மேற்பகுதியில் அடுக்கடுக்கான தட்டுகளில் ஒளியை ஏற்கும் நிறமி இருக்கிறது. குச்சி செல்களில் அதன் பெயர் ரோடாப்சின். வைட்டமின் ஏ-யிலிருந்து பெறப்படும் ஒரு சிறு மூலக்கூறும் ஒரு புரதமும் சேர்ந்ததே அது. ஒளி பட்டதும் அம்மூலக்கூறு வடிவம் மாறும், செய்தி நரம்பு வழியே மூளைக்குச் செல்லும். வடிவம் மாறிய மூலக்கூறைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து திருப்பித் தருவது, விழித்திரைக்கு அடியில் உள்ள நிறமிச் செல்களின் படலம். நாள்தோறும் தேய்ந்து உதிரும் தட்டுகளை விழுங்கி அப்புறப்படுத்துவதும் அதே படலம்தான். உடலின் வேறெந்தத் திசுவுக்கும் இளைக்காத அளவில் ஒளியுணர் செல்கள் ஆக்சிஜனையும் சர்க்கரையையும் செலவழிக்கின்றன. ஓயாமல் உழைப்பதால் எளிதில் நலிகின்றன. ஒருமுறை மடிந்த செல் மனிதக் கண்ணில் மீண்டும் முளைப்பதில்லை. இருப்பதைக் காப்பாற்றுவது இந்நோயில் இத்தனை முக்கியமாவது அதனால்தான்.

வைட்டமின் ஏ விழித்திரையில் இருப்பதை 1933-இல் கண்டறிந்தவர் ஜார்ஜ் வால்ட். நியூயார்க்கில் குடியேறிய ஒரு தையல்காரரின் மகன். பெர்லினில் ஆய்வைத் தொடங்கிய யூதரான அவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். 1967-இல் நோபல் பரிசு பெற்ற அவர், 1969 மார்ச் 4 அன்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வியட்நாம் போரையும் அணு ஆயுதக் குவிப்பையும் கண்டித்து ஆற்றிய உரை உலகெங்கும் பரவியது. கண்ணின் வேதியியலை அறிந்தவர் தம் காலத்தின் அநீதிகளைக் காணவும் தயங்கவில்லை.

இரு நோய்கள், ஒரே பெயர்

மாலைக்கண் என்று மக்கள் சொல்வது ஒரே நோயைக் குறிப்பதன்று. முதல் வகை ஊட்டக்குறைவால் வருவது. உணவில் வைட்டமின் ஏ போதாவிட்டால் ரோடாப்சின் உருவாகாது, இருளில் பார்வை மங்கும். கவனியாவிட்டால் கருவிழி உலர்ந்து குழைந்து குழந்தை நிரந்தரமாகப் பார்வை இழக்கும். இது வறுமையின் நோய், முழுமையாகத் தடுக்கக்கூடிய நோய். 1970-இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின்படி, 9 மாதம் முதல் 5 வயது வரை குழந்தைகளுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டுமருந்து தரப்பட வேண்டும். முருங்கைக்கீரை, பப்பாளி, பூசணி, முட்டை, மீன் ஆகியவை உணவில் இருக்க வேண்டும். நிக்கோபாரிய மக்களின் பழைய உணவான தாழையினப் பெரும்பழத்தின் மஞ்சள் சதை, உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் நிறமிப் பொருளைத் தாங்கியது. பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்த அரிசியும் சர்க்கரையும் பொட்டல உணவும் அந்த உணவுமுறையைப் பின்னுக்குத் தள்ளின. பழைய உணவைக் காப்பதும் பார்வையைக் காப்பதன் ஒரு பகுதியே.

இரண்டாம் வகை மரபுவழி வருவது. மருத்துவ நூல்கள் இதனை ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்று அழைக்கின்றன. ஒரு மரபணுவில் நேரும் பிழையால் குச்சி செல்கள் சிறுகச் சிறுக மடிகின்றன. முதலில் இரவுப் பார்வை போகும். பிறகு பக்கவாட்டுப் பார்வை குறுகி, குழாய் வழியே உலகைப் பார்ப்பது போலாகும். இறுதியில் நடுப்பார்வையும் மங்கலாம். இது நடந்து முடியப் பல பத்தாண்டுகள் ஆகும். பிழை நேரக்கூடிய மரபணுக்கள் எண்பதுக்கும் மேல். உலக அளவில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு என்பது பொதுக்கணக்கு. தென்னிந்தியக் கிராமங்களிலும் நகரங்களிலும் நடந்த ஆய்வுகளோ இதைவிடப் பன்மடங்கு அதிகமான விகிதத்தைக் காட்டின.

இவ்விரு வகைகளையும் பிரித்தறிய, கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். முதல் வகைக்குச் சில நாள் மருந்தே போதும். இரண்டாம் வகைக்கு அதே மருந்தை அளவின்றிக் கொடுத்தால் தீங்கு விளையலாம். குறிப்பாகக் கருவுற்ற பெண்களுக்கும், ஸ்டார்கார்ட் என்னும் இன்னொரு விழித்திரை நோய் உள்ளவர்களுக்கும் அதிக அளவு வைட்டமின் ஏ ஆபத்தானது. ஆகவே கடையில் வாங்கித் தாமாக உண்பது கூடாது.

கூம்பு செல்கள் ஏன் மடிகின்றன?

இந்நோயில் ஆய்வாளர்களை நெடுங்காலம் குழப்பிய ஒரு கேள்வி உண்டு. பல குடும்பங்களில் பிழையான மரபணு குச்சி செல்களில் மட்டுமே வேலை செய்வது. கூம்பு செல்களுக்கு அம்மரபணுவோடு தொடர்பே இல்லை. பிறகு ஏன் குச்சி செல்கள் மடிந்து முடிந்ததும் குற்றமற்ற கூம்பு செல்களும் மடிகின்றன? இக்கேள்விக்கு விடை கிடைத்தால், மரபணுப் பிழை எதுவாயினும், பகற்பார்வையைக் காக்கும் பொதுவான வழி கிடைக்கும்.

இரண்டு விடைகள் ஆய்வில் உறுதிப்பட்டு வருகின்றன. பாரிசில் ஜோசே-அலெய்ன் சாஹெல், தியெரி லெவெய்யார் ஆகியோரின் குழு 2004-இல் ஒரு புரதத்தை அடையாளம் கண்டது. குச்சி செல்கள் அதைச் சுரக்கின்றன, கூம்பு செல்கள் அதனால் வாழ்கின்றன. அப்புரதம் கூம்பு செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைய உதவுகிறது என்பதை அக்குழு 2015-இல் காட்டியது. குச்சி செல்கள் மறைந்தால் கூம்பு செல்கள் பட்டினியால் வாடுகின்றன. இரண்டாவது விடை ஆக்சிஜனைப் பற்றியது. குச்சி செல்கள் இருந்தவரை பெருமளவு ஆக்சிஜனை அவையே செலவழித்தன. அவை மடிந்த பிறகும் இரத்தக்குழாய்கள் முன்போலவே ஆக்சிஜனைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மிஞ்சிய ஆக்சிஜன் கூம்பு செல்களை அரிக்கிறது. பட்டினியும் அரிப்புமாகிய இரண்டும் சேர்ந்தே அவற்றைக் கொல்கின்றன. பகலின் பேரொளியில் வேலை செய்யும் சிறுபான்மைச் செல்கள், இருளில் உழைக்கும் பெரும்பான்மைச் செல்களைச் சார்ந்தே வாழ்கின்றன என்பது உடலியல் காட்டும் உண்மை.

இந்த அரிப்பைத் தடுக்க அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் காம்போசியாரோவின் குழு சோதித்து வரும் மருந்து, அசிட்டைல்சிஸ்டைன். புதிய மருந்தன்று. சளியை இளக்கவும், பாரசிட்டமால் நஞ்சேறியவர்களைக் காப்பாற்றவும் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் மலிவான மருந்து. முதற்கட்ட ஆய்வின் முடிவுகள் 2020-இல் வெளியாகி நம்பிக்கை தந்தன. அமெரிக்க அரசின் பொதுநிதியுடன் பல நாடுகளில் மூன்றாம் கட்ட ஆய்வு 2023-இல் தொடங்கியது. அதன் முடிவு வரும் முன்னர் எவரும் இம்மருந்தைத் தாமாக உண்ணத் தொடங்கக் கூடாது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காப்புரிமைக் காலம் கடந்த பழைய மருந்தில் கொள்ளை இலாபம் கிடைக்காது. எனவே இத்தகைய ஆய்வுக்குப் பொதுநிதிதான் முன்வர வேண்டியிருக்கிறது.

ஒளியுணர் செல்களைக் காக்கும் சிகிச்சை சாத்தியமே என்பதற்கு 2025 மார்ச்சில் ஒரு சான்று கிடைத்தது. நடுவிழித்திரையைத் தாக்கும் மேக்டெல் என்னும் அரிய நோய்க்கு, செல்களைப் பேணும் ஒரு புரதத்தைக் கண்ணுக்குள்ளேயே இருந்து சுரக்கும் சிறு உறையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்றது. அது பார்வையைத் திருப்பித் தருவதில்லை, இழப்பின் வேகத்தைக் குறைக்கிறது. செல்கள் முற்றிலும் மடிந்துவிட்டவர்களுக்கும் ஆய்வு வழி தேடுகிறது. பாசியிலிருந்து பெற்ற ஒளியுணர் புரதத்தை விழித்திரையில் எஞ்சியுள்ள நரம்புச் செல்களில் புகுத்தி, சிறப்புக் கண்ணாடியின் துணையோடு, பார்வையற்ற ஒருவர் மேசைமேல் உள்ள பொருளைக் கண்டு தொட முடிந்ததை 2021-இல் வெளியான ஆய்வறிக்கை பதிவு செய்தது. இவை எல்லாம் தொடக்கப் படிகள். இவற்றைக் காட்டி உடனடிக் குணம் தருவதாகக் கூறிப் பணம் பறிக்கும் போலி 'ஸ்டெம் செல்' சிகிச்சைக் கடைகளிடம் தோழர்கள் மக்களை எச்சரிக்க வேண்டும்.

மக்கள் பணத்தில் அறிவு, தனியார் கையில் விலை

மரபணுவையே சரிசெய்யும் முதல் விழித்திரைச் சிகிச்சையின் வரலாறு பாடமாக அமைகிறது. ஆர்.பி.இ.65 என்னும் மரபணுவை 1993-இல் கண்டறிந்தது அமெரிக்காவின் அரசு நிறுவனமான தேசியக் கண் நிறுவனம். அதில் பிழை இருந்தால் குழந்தை பிறவியிலேயே கடும் பார்வைக்குறைவோடு பிறக்கும் என்பது 1997-இல் தெரிந்தது. அதே பிழையோடு பிறந்த பிரியார்ட் இன நாய்களுக்குத் தீங்கற்ற வைரஸின் வழியே சரியான மரபணுவைச் செலுத்தி, அவை பார்வை பெற்றதை 2001-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஜீன் பென்னட், ஆல்பர்ட் மக்குவைர் ஆகியோர் 2007-இல் மனிதர்களிடம் சோதனையைத் தொடங்கினர். மங்கிய ஒளியில் தடைகளைக் கடந்து நடக்க முடியாதிருந்த சிறுவர்கள் சிகிச்சைக்குப் பின் நடந்தனர். அறிவியலின் மகத்தான வெற்றி அது. அதில் ஐயம் இல்லை.

2017 டிசம்பரில் லக்ஸ்டர்னா என்ற பெயரில் அம்மருந்து அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. ஸ்பார்க் என்னும் நிறுவனம் அதற்கு வைத்த விலை ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர், இரு கண்களுக்கு 8,50,000 டாலர். இந்தியப் பணத்தில் ஏழு கோடி ரூபாய்க்கு மேல். 2019-இல் அந்நிறுவனத்தையே பன்னாட்டு நிறுவனமான ரோஷ் ஏறத்தாழ 430 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்கள் கொள்கையின்படி ஒரு நோயாளிக்கு அரசு தரும் உதவியின் உச்சவரம்பு 50 இலட்சம் ரூபாய். ஏழு கோடிக்கும் ஐம்பது இலட்சத்துக்கும் இடையே ஒரு குழந்தையின் பார்வை கிடக்கிறது.

சந்தையின் கையில் கண்ணை ஒப்படைத்தால் நேர்வது என்ன என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ஆர்கஸ் என்ற மின்னணுக் கருவியை செகண்ட் சைட் என்னும் அமெரிக்க நிறுவனம் பார்வையற்றோரின் விழித்திரையில் பொருத்தியது. விலை ஏறத்தாழ 1,50,000 டாலர். உலகில் 350-க்கு மேற்பட்டோர் அதனைப் பொருத்திக்கொண்டனர். இலாபம் போதவில்லை என்று 2019-இல் நிறுவனம் அதன் உற்பத்தியைக் கைவிட்டது, 2020-இல் பெரும்பாலான ஊழியர்களை வெளியேற்றியது. கருவி பழுதானால் சரிசெய்ய ஆளின்றி, கண்ணுக்குள் உயிரற்ற உலோகத்தோடு நோயாளிகள் விடப்பட்டனர். தொழிற்சாலையை மூடுவதுபோல மனிதரின் பார்வையையும் மூடிவிட முடியும் என்பதை முதலாளித்துவம் காட்டியது.

விலை இயற்கை விதியன்று

புதிய சிகிச்சை என்றால் விலை அதிகமாகத்தான் இருக்கும் என்று சிலர் கூறுவர். இந்திய அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தர மறுத்தது. அதன் நிழலில்தான் மலிவு விலை மருந்துத் தொழில் வளர்ந்தது. உலக வர்த்தக அமைப்பின் நெருக்குதலால் 2005-இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, இடதுசாரிக் கட்சிகள் நாடாளுமன்றத்தில் போராடிச் சில பாதுகாப்புகளை உறுதி செய்தன. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிய காப்புரிமை கோருவதைத் தடுக்கும் 3(டி) பிரிவு அவற்றுள் ஒன்று. 2013 ஏப்ரல் 1 அன்று நோவார்ட்டிஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் நிலைநிறுத்தியது அப்பிரிவையே. 2012-இல் பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டபோது, மாதம் ஏறத்தாழ 2,80,000 ரூபாயாக இருந்த விலை சுமார் 8,800 ரூபாயாக இறங்கியது. விதிமுறை மாறினால் விலையும் மாறும்.

தமிழகத்தின் சான்றுகளும் உள்ளன. கண்புரை அறுவைக்குப் பின் பொருத்தும் வில்லை இறக்குமதியாகி வந்த காலத்தில் ஏழைகளுக்கு எட்டாதிருந்தது. 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில் தொடங்கப்பட்ட ஆரோலேப், அதே வில்லையைப் பத்தில் ஒரு பங்கு விலையில் செய்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது செல்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை ஆதரவுடன், இரத்தம் உறையாமை நோயாளிகள் ஐவருக்கு மரபணுச் சிகிச்சை அளிக்கப்பட்டு, அவர்களுக்கு இரத்தப்போக்கு நின்ற செய்தி 2024 டிசம்பரில் வெளியானது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கி 2023-இல் ஒப்புதல் பெற்ற புற்றுநோய்ச் செல் சிகிச்சையின் செலவு அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கு அளவே. சென்னை சங்கர நேத்ராலயாவிலும் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்திலும் விழித்திரை மரபணு ஆய்வு பல்லாண்டுகளாக நடக்கிறது. அறிவு இந்நாட்டில் இருக்கிறது. விழித்திரைச் சிகிச்சைக்கான வைரஸ் கடத்திகளைப் பொதுத்துறையில் தயாரிக்கும் ஆலையும், அதற்கான நிதியும், அரசின் உறுதியுமே வேண்டும். பழைய மாத்திரையைப் போல மரபணு மருந்தை எளிதில் நகலெடுக்க முடியாது என்பது உண்மை. அதனாலேயே பொதுத்துறையின் தேவை முன்பைவிட மிகுதியாகிறது.

உறவுத் திருமணமும் பெண்மீது விழும் பழியும்

ஆட்சியாளரைக் குறைகூறி முடித்துவிட்டால் போதாது. நமது சமூகத்துக்குள்ளேயே பேச வேண்டிய செய்தியும் உண்டு. மரபுவழி விழித்திரைச் சிதைவில் பெரும்பகுதி, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்தால் மட்டுமே தோன்றுவது. இருவரும் நல்ல பார்வையோடு இருப்பர். ஆயினும் ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பு நோய்க்கு உண்டு. ஒரே பாட்டன் வழி வந்த இருவர் மணக்கும்போது அதே பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது தமிழ்ச் சமூகத்தின் நெடுநாள் வழக்கம். நிலமும் நகையும் வெளியே போகக் கூடாது என்ற சொத்துடைமைச் சிந்தனை அதன் வேர்களுள் ஒன்று. சொத்தே இல்லாத தொழிலாளிக் குடும்பமும் அவ்வழக்கத்தைச் சுமக்கிறது.

இதைச் சொல்லும்போது, ஏற்கெனவே மணந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தக் கூடாது. குறிப்பாக, பார்வை குறைந்த குழந்தை பிறந்ததும் 'இவள் வந்த நேரம்' என்று தாயின்மீது பழி போடும் கொடுமையைக் கட்சித் தோழர்கள் முன்னின்று எதிர்க்க வேண்டும். நோய் இரு பெற்றோரின் வழியும் வருகிறது. சில குடும்பங்களில் தாய்வழியாக மகன்களுக்கு மட்டும் வருகிறது. அங்கும் அவள் அறிந்து செய்த பிழை எதுவும் இல்லை. மரபணுச் சோதனையும் ஆலோசனையும் எளிதில் கிடைத்தால், அடுத்த தலைமுறை அறிவோடு முடிவெடுக்கும்.

கட்சாலில் செய்ய வேண்டியவை

விழித்திரையைப் பாதிப்பவற்றுள் மரபுநோயைவிடப் பரவலானது நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2023-இல் தந்த கணக்கின்படி நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உள்ளவர்கள். வலியின்றி விழித்திரையை அது அழிக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்தால் பெரும்பாலான இழப்பைத் தடுக்கலாம். இங்கிருந்து அந்தமான் தலைநகரின் ஜி.பி. பந்த் மருத்துவமனை 400 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கப்பல் வரும் நாளும் கடலின் நிலையும் பார்த்தே நோயாளி புறப்பட வேண்டும். துணைக்கு ஒருவர், அங்கே தங்கும் செலவு, இழக்கும் கூலி ஆகியவற்றை எண்ணிப் பலர் போவதே இல்லை.

சென்னையிலிருந்து கடலடி வழியே வரும் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. அண்டைத் தீவான கமோர்ட்டாவை அது தொடுகிறது. விழித்திரைப் படக்கருவி ஒன்றைக் கட்சால் சுகாதார நிலையத்தில் வைத்து, செவிலியர் ஒருவருக்குப் பயிற்சி தந்தால், படத்தைத் தலைநகரின் மருத்துவர் அன்றே பார்க்க முடியும். பெரும் நிக்கோபாரில் காட்டை அழித்துத் துறைமுகமும் நகரமும் கட்ட 72,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்த அரசு, இந்தச் சிறு கருவிக்குப் பணம் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. தீவின் சுகாதார நிலையத்தில் விழித்திரைப் படக்கருவியும் பயிற்சி பெற்ற ஊழியரும் வேண்டும். ஆண்டுக்கு இருமுறையேனும் கண் மருத்துவக் குழு கப்பலில் வர வேண்டும். அது தமிழரும் நிக்கோபாரியரும் பிறரும் வாழும் எல்லாக் குடியிருப்புகளுக்கும் செல்ல வேண்டும். நோயாளிக்கும் துணைவருக்கும் பயணமும் தங்குமிடமும் இலவசமாக வேண்டும். மரபணுச் சோதனையை அரசே இலவசமாகச் செய்ய வேண்டும். விழித்திரை மரபணுச் சிகிச்சைக்குப் பொதுத்துறை ஆய்வும் உற்பத்தியும் தொடங்க வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அந்தியில் தடுமாறும் குழந்தையை ஆசிரியரும் அங்கன்வாடி ஊழியரும் அடையாளம் காண முடியும். பார்வைக் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவருக்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் சான்றிதழ் பெற்றுத் தர முடியும். 18 வயது வரை இலவசக் கல்வி, உயர்கல்வியில் 5 சதவீத இடம், அரசு வேலையில் ஒதுக்கீடு ஆகியவை அச்சட்டம் தரும் உரிமைகள். வெண்கோலோடு நடக்கப் பயிற்சி, எழுத்தைக் குரலாக்கும் கைப்பேசி, வகுப்பில் வெளிச்சமான முன்வரிசை இடம் என்பன இன்றே கிடைக்கக்கூடியவை. பார்வை குறைந்தவர் கூட்டத்துக்கு வர ஒரு தோழர் கைவிளக்கோடு உடன் செல்வதும் கட்சிப் பணிதான்.

தோழர்களே, விழித்திரையின் இரகசியங்களைக் கண்டறிந்தது மக்களின் வரிப்பணம், பல நாட்டு ஆய்வாளர்களின் கூட்டு உழைப்பு. அதன் பயனைச் சிலர் வேலியிட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வேலியை அகற்றுவது ஆய்வுக்கூடத்தின் வேலை அன்று, மக்கள் இயக்கத்தின் வேலை. இத்தீவின்மேல் விழும் காலைக்கதிரை இங்கு பிறந்த ஒவ்வொரு குழந்தையும் தன் கண்ணால் காண வேண்டும். மருத்துவர் இதுவரை வந்து சேராத குடியிருப்புகளிலிருந்து, மீனாட்சி ராம் நகரிலிருந்தும் மில்டேராவிலிருந்தும், கோரிக்கை மனுவில் கையெழுத்துத் திரட்டும் பணி தொடங்கட்டும்.